நீலப் பட்டாம்பூச்சிக்குக் கட்டிய கொசுவலை

அன்பு தினேஷ்,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதற்கெல்லாம் நான் "உம், உம்" என்று மட்டும் கொட்டிக்கொண்டிருந்தேன். "அப்பா, லைன்ல கீறியா, தூங்கிட்டியா?" என்று நீ இரண்டு தடவை கேட்டாய். தூங்கவில்லை. சொல்ல வேண்டியது ஒன்று தொண்டை வரைக்கும் வந்தது, வாய்க்கு வரவில்லை. என் வாய் தேவையில்லாத நேரத்தில்தான் நன்றாக வேலை செய்யும் என்பது உனக்குத் தெரிந்ததுதான். அதனால் எழுதுகிறேன். பத்தாம் வகுப்பை இரண்டாவது முயற்சியில் பாஸ் செய்தவன் எழுதுவது இது. பிழை இருந்தால் உன் தங்கையைக் கேட்காதே, அவள் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புகிற வேலையை மட்டும்தான் செய்கிறாள். தோட்ட வேலைத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். முன்பக்கமும் போட்டோவில் வந்திருந்தால் படிக்க வேண்டாம், புல் வெட்டியதைத் தவிர அதில் ஒன்றுமில்லை. இதை நீ யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம். மூடி வைத்ததுதான் இத்தனை நாள் எனக்குத் தொல்லை.

ஓசூருக்குப் போய் நீ ஷிப்ட் இன்சார்ஜ் ஆகி இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. உனக்குக் கீழே முப்பது பேர். அதைச் சொல்லி உங்கம்மா தெருவில் ஒரு வீட்டையும் விட்டுவைக்கவில்லை. இப்போது உன் லைனில் வரும் பாகங்களில் கீறல் விழுகிறது என்றாய். ஒரே ஸ்டேஷனில்தான் விழுகிறது, அங்கே நிற்பவர் பழனி என்ற கான்ட்ராக்ட் ஆள், வெள்ளிக்கிழமைக்குள் காரணத்தையும் ஆள் பேரையும் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றாய். "பழனி அண்ணன் பேரப் போட்டா முடிஞ்சிதுப்பா. அவுரு இன்னான்னா, பாகத்தப் புடிக்கிற ஜிக்ல ரப்பர் தேஞ்சி போச்சி, அதான் கீறுதுன்னு நான் வந்த நாள்லேர்ந்து ஒரே பாட்டு" என்று சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்துவிட்டேன். போனை வைத்த பிறகு சாப்பாடு இறங்கவில்லை. உங்கம்மா கேட்டதற்கு வாயு என்று சொன்னேன்.

எங்கள் கம்பெனி அலுவலகக் கட்டடத்துக்கு முன்னால் வரிசையாக நிற்கும் சைக்கஸ் செடிகள் உனக்கு ஞாபகம் இருக்கும். ஆந்திராவிலிருந்து லாரியில் வந்து இறங்கிய நாளில் ஒவ்வொன்றையும் கைக்குழந்தை மாதிரி இறக்கினோம். குட்டைப் பனை போல அடி, சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக இலை. யார் கேட்டாலும் "ஜப்பான் பனை சார்" என்பேன். பனைக்கும் அதற்கும் ஒரு சொந்தமும் இல்லை என்று பிற்பாடு நீதான் சொன்னாய். அந்தச் செடி மற்ற செடி மாதிரி தினம் ஒரு இலை விடாது. வருஷத்துக்கு ஒரு தடவை, நல்ல தோதிருந்தால் இரண்டு தடவை, நடு உச்சியிலிருந்து மொத்தக் குருத்தும் ஒன்றாகக் கிளம்பும். இரண்டு வாரம் பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும், அதற்கப்புறம் விறைத்துப்போய் விரலைக் குத்தும். அந்த இரண்டு வாரத்துக்குள் கெட்டால் கெட்டதுதான். அடுத்த குருத்து வரும்வரை அந்த மூளி இலையோடுதான் நிற்க வேண்டும். வெட்டி எறிந்தாலும் மொட்டைதான் மிஞ்சும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டிலிருந்து கஸ்டமர் வருகிறார்கள் என்று கம்பெனியே தலைகீழாக நின்றது. தரையில் மஞ்சள் கோடு புதிதாக அடித்தார்கள், பாத்ரூமில் பூச்சாடி வைத்தார்கள். சரியாக அந்த நேரம் பார்த்துச் சைக்கஸ் எல்லாம் குருத்து விட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நிர்வாக மேனேஜரிடம் போய், "சார், கஸ்டமர் வர்ற அன்னிக்கு நம்ம செடிங்க கொட புடிச்சி நிக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் சொல்லித்தான் குருத்தே விட்டது போல ஒரு நடை வேறு. ஆந்திராவிலேயே இந்தச் செடிக்கு டிரெயினிங் எடுத்தவன் என்று அவரிடம் முன்பே அளந்து வைத்திருந்தேன். நான் ஆந்திராவில் எடுத்தது ஒரு டீயும் இரண்டு வடையும்தான், லாரி லோடு ஏறும்வரை.

எனக்குக் கீழே இருந்த தோட்ட ஆட்களில் அந்தச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டவர் ஸ்டெல்லா அத்தை. வடக்குப்பட்டிலிருந்து எங்கள் வேனில் வருவாரே, கிறிஸ்துமஸுக்கு உனக்கென்று தனியாகக் கேக் கொடுத்தனுப்புவாரே, அவர்தான். குருத்து விட்ட மூன்றாம் நாளோ நாலாம் நாளோ என்னிடம் வந்தார். "மேஸ்திரி, குருத்துல ஒரே எறும்பா ஏறுது. எறும்பு சும்மா ஏறாது. வந்து இன்னான்னு பாரு" என்றார். நான் அப்போது நுழைவாயில் புல்தரைக்குக் கயிறு பிடித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எறும்பு ஏறுதுன்னா செடி இனிப்பா கீதுன்னு அர்த்தம். போம்மா, போயி வேலையப் பாரு" என்றேன். கூட இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, போய்விட்டார். மறுநாளும் சொன்னார். மறுநாளும் நான் அதையேதான் சொன்னேன். எனக்கு ஒரு ஜோக் கிடைத்தால் அதைக் கந்தலாகும்வரை விடமாட்டேன் என்பது உனக்குத் தெரியும்.

அடுத்த வாரம் பார்த்தால் குருத்தெல்லாம் கருகிச் சுருண்டு, பல் உடைந்த சீப்பு மாதிரி நிற்கிறது. கஸ்டமர் வர ஐந்து நாள் இருக்கிறது. மேனேஜர் வந்து இடுப்பில் கைவைத்து நின்றார். "இன்னா மேஸ்திரி, ஆடு மேஞ்சிச்சா? கொட புடிக்கும்னீங்க?" என்றார். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது "தெரியல சார், பாத்துச் சொல்றேன்" என்பதுதான். அந்தச் சொல் வரவில்லை. அளந்துவிட்ட டிரெயினிங் வாயை அடைத்துக்கொண்டது. ஸ்டெல்லா அத்தை ஒரு நாள் உரம் கரைத்த வாளியை அந்தச் செடிப் பக்கம் கழுவியதைப் பார்த்தது ஞாபகத்துக்கு வந்தது. "தண்ணி ஊத்துற அம்மா உரத் தண்ணிய குருத்துலயே ஊத்திட்டாங்க சார்" என்றேன். சொல்லும்போது அது பாதி உண்மை மாதிரிதான் இருந்தது. சொல்லி முடித்ததும் முழு உண்மை மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் காலை வேனில் அவர் இல்லை. தோட்டத்துக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர் ஆபீஸிலிருந்து முந்தின நாளே போனில் சொல்லி நிறுத்திவிட்டார்கள். உன் படிப்பு நடுவில் இருக்கிறது, என் வேலை போனால் என்ன ஆகும் என்று பிற்பாடு எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது காரணமில்லை. நாலு பேர் முன்னால் தெரியாது என்று சொல்ல வெட்கம், அவ்வளவுதான்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து ஆயுத பூஜை. அன்றைக்கு வீட்டு ஆட்களை உள்ளே விடுவார்கள் இல்லையா, நீயும் வந்தாய். டிப்ளமோ இரண்டாம் வருஷம் அப்போது. எல்லோரும் மெஷினுக்குப் பொட்டு வைத்திருப்பதையும் பொரி பொட்டலத்தையும் பார்த்துக்கொண்டிருக்க, நீ சைக்கஸ் பக்கம் குந்திக்கொண்டாய். வரிசையில் கடைசிச் செடி மட்டும் பிந்திக் குருத்து விட்டிருந்தது. "அப்பா, இங்க வா" என்று கூப்பிட்டாய். குருத்துக்குள் நத்தைக் குட்டி மாதிரி, இலைப் பச்சையிலேயே புழு. அதன் முதுகு மேல் எறும்புகள் மேய்ப்பன் மாதிரி நடக்கின்றன. கடிக்கவில்லை, தடவிக் கொடுக்கின்றன. புழு ஒரு சொட்டு இனிப்பு நீர் விடும், அதைக் குடித்துவிட்டு எறும்பு காவல் நிற்கும் என்று போனைப் பார்த்துச் சொன்னாய். செடிதான் இனிப்பு என்று நான் அடித்த ஜோக் என் காதிலேயே திரும்ப ஒலித்தது.

மேலே கட்டைவிரல் நகம் அளவுக்கு நீலமாக இரண்டு மூன்று பறந்தன. சிறகை விரித்தால் கத்தரிப்பூ கலந்த நீலம், மூடினால் சாம்பல், அதில் கறுப்புப் புள்ளிகள். பின்சிறகில் மயிர் மாதிரி ஒரு வால், அதன் பக்கத்தில் ஆரஞ்சுக் கண். உட்கார்ந்து அந்த வாலை ஆட்டிக்கொண்டே இருக்கும், பல்லி அதைத் தலை என்று நம்பி அந்தப் பக்கம் கடிக்கும், பூச்சி தப்பித்துவிடும் என்றாய். அதன் இங்கிலீஷ் பெயருக்குச் சமவெளி மன்மதன் என்று அர்த்தம் சொன்னாய். செடியை மொட்டையடிக்கிற மன்மதன் என்று நினைத்துக்கொண்டேன். இளங்குருத்தில் முட்டை வைக்கும், இலை விறைத்துவிட்டால் புழுவால் கடிக்க முடியாது, அதனால்தான் அந்த இரண்டு வாரத்துக்குள் அவசர அவசரமாகத் தின்கிறது, கொன்றை மாதிரி மரங்களின் தளிரும் அதற்கு ஆகும் என்று போட்டிருக்கிறது என்றாய். அது பாட்டுக்குக் காட்டிலும் மேட்டிலும் தளிரைத் தேடித் தின்றுகொண்டிருந்தது. நாங்கள்தான் லாரி வைத்துக் கொண்டுவந்து, வெள்ளைக் கூழாங்கல் பரப்பி, பந்தியில் இலை போட்ட மாதிரி வரிசையாக நட்டோம்.

நீ எழுந்து நின்று கேட்டது இப்போதும் காதில் இருக்கிறது. "அப்போ ஸ்டெல்லா அத்த மேல தப்பு இல்லியேப்பா?" நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். மேனேஜர் சற்றுத் தள்ளிப் பொரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "மெதுவாப் பேசுடா. அவங்களுக்கு வேற எடத்துல நல்ல வேல கெடச்சி போய்ட்டாங்க" என்றேன். நீ நம்பினாய். முகம் தெளிந்து பொரி வாங்கப் போனாய். தினேஷ், அது பொய். அவர் எங்கே போனார், என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் முயலவில்லை.

இதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அடுத்த குருத்து வந்தபோது ஒவ்வொரு செடிக்கும் மூன்று குச்சி நட்டுக் கொசுவலை கட்டினேன். பட்டாம்பூச்சி உள்ளே போக முடியாது, இரண்டு வாரம் கழித்து அவிழ்த்துவிடலாம். முதலில் கட்டியது நீ சின்ன வயதில் படுத்த வலை. மருந்து அடிக்கவில்லை, ஒரு இலை சேதமில்லை. சூப்பர்வைசர் ஒருவர் இதைக் கைசன் பாரத்தில் எழுதிக் கொடுங்கள் என்றார். வேலையை மேம்படுத்த யோசனை சொன்னால் பரிசு கொடுப்பார்களே, அதுதான். பாரத்தில் 'பிரச்சினையைக் கண்டறிந்தவர்' என்று ஒரு கட்டம். என் பெயரை எழுதினேன். 'யோசனை' என்று ஒரு கட்டம். அதிலும் என் பெயரை எழுதினேன். எறும்பைக் கண்டது ஸ்டெல்லா அத்தை, புழுவைக் கண்டது நீ, நான் கண்டது பாரத்தை மட்டும்தான். கைதட்டினார்கள், மூன்றடுக்கு டிபன் கேரியர் கொடுத்தார்கள், போட்டோவை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். அதில் நான் சிரிக்கிற சிரிப்பைப் பார்த்து நீயே கிண்டல் செய்திருக்கிறாய். ஆறு வருஷமாக அந்தப் போர்டைத் தாண்டித்தான் தினமும் கேன்டீனுக்குப் போகிறேன். சுற்றிப் போக வேறு வழி இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன். இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ ரப்பர் கதையைச் சொல்லிச் சிரித்ததும் எனக்கு எறும்புதான் ஞாபகம் வந்தது. திங்கட்கிழமை டியூட்டி முடிந்ததும் வண்டியை வடக்குப்பட்டுக்கு விட்டேன். வாழைப்பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போனேன், ஆஸ்பத்திரிக்கு ஆளைப் பார்க்கப் போகிறவன் மாதிரி. வெயில் இன்னும் இருந்தது. ஸ்டெல்லா அத்தை சுவரோரம் அவரைக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தலை நன்றாக நரைத்துவிட்டது. "வா மேஸ்திரி. வழி தெரிஞ்சிதா?" என்றார். ஆறு வருஷம் கழித்து வந்தவனை முந்தாநாள் வந்தவனைக் கேட்கிற மாதிரி கேட்டார். நான் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். புழு, எறும்பு, உன்னிடம் சொன்ன பொய், கைசன், டிபன் கேரியர் வரைக்கும். அவர் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

"எனக்கு அன்னிக்கே தெரியும் மேஸ்திரி" என்றார்.

"தெரிஞ்சும் ஏம்மா வந்து ஒரு வார்த்த கேக்கல?"

"ரெண்டு நாளு வந்து எறும்பு ஏறுதுன்னு சொன்னேன். நீ இன்னா சொன்ன? இனிப்பா கீதுன்ன. அதுக்கு மேல உங்கிட்ட இன்னாத்த சொல்றது?"

 கொடியில் இருந்த அவரைப் பூவைக் காட்டினார். அங்கேயும் சின்னதாக ஒரு நீலம் உட்கார்ந்திருந்தது, வாலை ஆட்டிக்கொண்டு. "பாரு, உன் செடியத் தின்னுச்சே, அதுக்குப் பங்காளி. இது காயத் தொளச்சி உள்ள பூந்துக்கும். பாதி அதுக்கு, பாதி எனக்குன்னு உட்டுட்டேன். யாரு மேலயும் பழி போடல" என்றார். கடைசி வார்த்தையைக் குரல் மாற்றாமல்தான் சொன்னார்.

பழப் பையை நீட்டினேன். வாங்கவில்லை. "இத்த எடுத்துகினு போ. எனக்கு ஒரு பேப்பர் வேணும்" என்றார். இப்போது அவர் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். இரண்டு பஸ் மாறிப் போகிறார், முழங்கால் வலி. அவர் வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் ஒரு புதுக் கம்பெனி வந்திருக்கிறது. அங்கே தோட்டத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், எடுப்பது எங்கள் கான்ட்ராக்டர்தான். போய்க் கேட்டதற்கு, "நீதானே உரம் ஊத்திச் செடியக் கெடுத்த அம்மா?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். போன மாதம். ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் வாய் கூசாமல் விட்ட ஒரு வரி இன்னும் அந்த ஆபீஸில் உட்கார்ந்து டியூட்டி பார்க்கிறது. "செடி கெட்டதுக்கு நான் காரணம் இல்லன்னு எழுதணும். உன் கையெழுத்து, மேனேஜர் கையெழுத்து, ரெண்டும் வேணும். மன்னிப்புல்லாம் நீயே வெச்சிக்கோ" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை மேனேஜர் அறைக்குப் போனேன். அதே மேனேஜர்தான், இப்போது கண்ணாடி போட்டிருக்கிறார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார். "மேஸ்திரி, ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம் கீது. இப்போ எதுக்கு இது? நீங்க சொல்லாட்டி யாருக்குத் தெரியும்?" என்றார். "அந்த அம்மாவுக்குத் தெரியும் சார்" என்றேன். மூடி வைத்த பேனாவை மறுபடி திறந்தார். "அன்னிக்கு நானும் ஒரு தடவ செடிகிட்ட குனிஞ்சி பாத்திருக்கலாம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். கான்ட்ராக்டர் ஆபீஸில் அவ்வளவு நல்ல பேச்சில்லை. "அப்போ பொய் சொன்னது நீ. உன்ன இன்னா பண்ணலாம்?" என்று கேட்டார்கள். செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு, பேப்பரைக் கொடுத்து, வாங்கிக்கொண்டதாகச் சீல் போட்ட நகலை வாங்கி வந்தேன். வேலை கொடுப்பார்களா என்று தெரியாது. சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள் அவரை. என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள், எதற்கு என்று சொல்லவில்லை. நகலை நேற்றே ஸ்டெல்லா அத்தை கையில் கொடுத்துவிட்டேன். இரண்டு தடவை படித்தார், மடித்துப் பைபிளுக்குள் வைத்தார். டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை கம்மியாக இருந்தது, கேட்கவில்லை.

நோட்டீஸ் போர்டில் இருந்த என் போட்டோவை எடுத்துவிட்டேன். புதுக் கைசன் பாரம் ஒன்று எழுதிப் போட்டிருக்கிறேன். பிரச்சினையைக் கண்டறிந்தவர் ஸ்டெல்லா, காரணத்தைக் கண்டறிந்தவர் தினேஷ். அமல் செய்தவர் என்ற கட்டத்தில் என் பெயர். கொசுவலை கட்டியது நான்தானே, அதையும் விட்டுக்கொடுக்க மனசில்லை. பிறவிக் குணம்.

இன்றைக்குப் புதன், எனக்கு வார லீவு. உனக்கு நாளை ஒரு நாள் இருக்கிறது. ஷிப்ட் வேலையோ ஜிக்கோ எனக்குத் தெரியாது. பழனி மேல் தப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அவர் ரப்பர் என்று சொன்னார், நீ சிரித்தாய். நாளைக்குப் போய் அந்த ஜிக்கைக் கழற்றச் சொல்லி ரப்பரை உன் விரலால் தொட்டுப் பார். அந்த ஸ்டேஷனில் ஒரு ஷிப்ட் முழுக்க அவர் பக்கத்தில் நில். அதற்கப்புறமும் புரியவில்லை என்றால், காரணம் தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்று ரிப்போர்ட்டில் எழுது. திட்டு விழும். எனக்கும் அன்றைக்கு விழுந்திருக்கும், வீட்டுக்கு வந்து சோறு தின்றிருப்பேன். நீ எழுதுகிற பேர் உன் லைனோடு நிற்காது. அந்த ஆள் போகிற கேட்டிலெல்லாம் அவருக்கு முன்னால் போய் நிற்கும்.

பொங்கலுக்கு வரும்போது அந்த டிபன் கேரியரை மறக்காமல் எடுத்து வா. நீ தினமும் சாப்பாடு எடுத்துப் போகிறாயே, அந்த மூன்றடுக்குதான். அது ஸ்டெல்லா அத்தையுடையது, உனக்கு வேறு வாங்கித் தருகிறேன். நன்றாகப் புளி போட்டுத் தேய்த்துக் கொண்டு வா. காலிப் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாது, ஒரு அடுக்கில் பொங்கல், ஒரு அடுக்கில் வடை, ஒரு அடுக்கில் குழம்பு வைத்துக் கொடுக்கலாம் என்கிறாள் உங்கம்மா. கொண்டுபோய்க் கொடுக்க நீயும் என்னோடு வர வேண்டும். நான் தனியாகப் போனால் வாசலிலேயே ஏதாவது ஜோக் அடித்துவிடுவேன்.

அப்பா